தகரத்துக்குப் பின்னால் பருத்திக்காடு

பிள்ளைகளா, பள்ளிக்கூடச் சுவரில் இருக்கும் படம் நம்ம கடைப் பக்கம் மட்டும் ஏன் தகரத்துக்குள் மறைகிறது என்று கேட்டீர்கள். அன்றைக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அந்தச் சுவர் முழுக்க நகராட்சி செலவில் ஓவியம் வரப்போகிறது என்றதும் தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் பயம். சுவரில் ஆணியடித்துக் கட்டிய தகரத்தின் நிழலில்தானே நான் பஞ்சர் ஒட்டுகிறேன். முன்பு நகராட்சிக்காரர்கள் சாக்கடை தோண்டியபோது, பக்கத்தில் செருப்புத் தைத்தவரை "ரெண்டு நாளைக்குத்தான்" என்று சொல்லித் தகரத்தைக் கழற்ற வைத்தார்கள். அவர் திரும்ப மாட்டப் போனதும், பழசென்றால் விட்டிருப்போம், இது புது ஆக்கிரமிப்பு என்றார்கள். அதன்பிறகு அவர் அங்கே உட்காரவே இல்லை.

நகராட்சி மேற்பார்வையாளர் என்னிடமும் அதே வார்த்தையோடு வந்தார்.

"அண்ணாச்சி, ரெண்டு நாளைக்கு இதக் கழத்தி வைங்க. படம் முடிஞ்சதும் மாட்டிக்கிடலாம்."

"மாட்ட விடுவியளா சார்?"

"ஊரே அழகாவுது. ஒங்களுக்கு மட்டும் என்ன சந்தேகம்?"

"அழகாவட்டும் சார். வெயிலு எனக்குல்லா அடிக்கும்."

எதிர்க்கடை டீ மாஸ்டருக்குச் சிரிப்பு. "கழத்தும் வே! ஒம்ம மூஞ்சியத்தான் வரையப் போறாவளாம், எடம் பத்தலையாம்."

வரைய வந்தவள் ஓவியம் படிக்கிற ஒரு பிள்ளை. "தகரம் இருந்துட்டுப் போவுது அண்ணாச்சி. நான் குனிஞ்சே வரைஞ்சிக்கிடுதேன்" என்றாள். அதையும் நான் நம்பவில்லை. தன்மையாகப் பேசுகிறவளை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் ஜேசிபியைக் கொண்டுவருவார்களோ என்றுதான் மனசில் ஓடியது. வேலை முடிகிறவரை மத்தியானச் சோற்றுக்குக்கூட வீட்டுக்கு வரவில்லை. உங்கள் அம்மா தூக்குவாளியோடு வந்து, "இங்கன எதக் காவல் காக்குதீய, படத்தையா தகரத்தையா?" என்று கேட்டாள். மேற்பார்வையாளர் செல்போனில் போட்டோ எடுத்தபோது எனக்கும் அதே கேள்விதான்: எடுப்பது படத்தையா, தகரத்தையா?

படம், நம்ம கரிசல்காட்டில் பெண்கள் பருத்தி எடுப்பது. தகரத்துக்குப் பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள்? வெறும் கறுப்புப் பூசிவிட்டுப் போயிருக்கலாம். அந்தப் பிள்ளை அங்கேயும் முதுகு வலிக்கக் குனிந்து, ஒவ்வொரு காயாக வெடிக்க வைத்திருந்தாள்.

திறப்பு விழா முடிந்து சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, தகரத்துக்குள் குனிந்து சுவரைப் பார்த்தேன். இடிப்பதற்கு முன்னால் போடுவார்களே, அந்தச் சிவப்புக் குறி எங்கேயும் இல்லை. பெயிண்டில் உரசாமல் இருக்கட்டும் என்று, சுவரில் சாய்க்கும் பழைய டயர்களை வெளிக்கம்பத்துக்கு மாற்றினேன். அப்புறம் தகரத்தின் கட்டுக்கம்பியைக் குறட்டால் பிடித்து, இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினேன்.