பின்சுவருக்கு அங்கால

மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கத்துப் பிரதேச சபையில் திட்டக் குழு கூடும். புதிதாகக் கட்டப்போகிற வீடு, கடை, ஹோட்டல் எல்லாவற்றின் பிளானையும் மேசையில் விரித்துவைத்து, இது இந்தத் தெருவுக்குப் பொருந்துமா, பார்வைக்கு எப்படி இருக்கும், காற்று வருமா, மழைத் தண்ணீர் எங்கே வடியும் என்று கேட்பார்கள். அந்தப் பிளான்களை வரைகிறவர்களில் நானும் ஒருத்தி. பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் எனக்கு ஒரு கம்ப்யூட்டரும் அடிக்கடி மக்கர் பண்ணுகிற ஒரு பிரிண்டரும் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை விடிந்தால் எனக்குச் சோறு இறங்காது. வெந்நீரைக் காலில் ஊற்றிக்கொண்டவள் மாதிரி அறைக்கும் படிக்கட்டுக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

நான் சொல்லவந்த செவ்வாய்க்கிழமை அதைவிட மோசம். மேசைக்குப் போனது என் அக்காவின் வீடு.

அக்கா தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டின லயத்தில் இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பிறந்ததும் அதே லயம், அதே ஒற்றை அறைக் காம்பரா. பத்து வருஷத்துக்கு மேல் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து, ரோட்டோரமாக வீடு கட்டப் பத்து பேர்ச் காணி வாங்கியிருந்தாள். மழை பலத்தால் மண் சரியும் என்று லயத்து ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் இருத்துவார்கள். மூன்று வருஷமாக அக்கா ஒவ்வொரு மழைக்கும் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்து வாங்குப் பலகையில்தான் படுத்து எழும்பினாள். அடுத்த மழைக்கு முன்னால் சொந்த வீட்டுக்குள் போய்விட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். சபையில் ஒரு மாதம் தள்ளிப்போனால் கட்டுகிற காலத்தில் ஒரு மாதம் போய்விடும்.

வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவள் கறாராக இருந்தாள். தகரம் கூடாது. சரிவான கூரையும் கூடாது. மேலே தட்டையாகக் கொங்கிரீட் போட வேண்டும், மழை பெய்தால் சத்தமே கேட்கக் கூடாது. மாடி வீடு, முன்னால் இரண்டு பெரிய தூண். ரோட்டில் போகிறவன் எவனும் இதைப் பார்த்து லயம் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. நானும் வரிந்துகட்டிக்கொண்டு வரைந்தேன். முகப்பை மட்டும் நாலு தடவை மாற்றினேன்.

முதல் மாதமே பிளான் திரும்பி வந்தது. தூண்கள் தெருவுக்குப் பொருந்தாத அளவுக்கு உயரம், தட்டைக் கூரை சுற்றியுள்ள மலைச்சரிவோடு ஒட்டவில்லை, ஓடு வேய்ந்த சரிவுக் கூரை போடவும் என்று சிங்களத்தில் எழுதியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டவுனில் கண்ணாடிக் கடைகள் நாலு மாடிக்கு நின்றால் ஒட்டுகிறது, எங்கள் அக்கா தூண் வைத்தால்தான் ஒட்டவில்லையா? எங்கள் ஆட்கள் நூற்றைம்பது வருஷம் தாழ்வான லயக் கூரைக்குக் கீழே இருந்தது போதாதா? கடிதத்தைப் படித்த கையோடு அக்காவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவள் கேட்டுவிட்டு, மழைக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த மாதச் செவ்வாய்க்கிழமை, ஒரு கோட்டைக்கூட மாற்றாமல் அதே பிளானைக் கொண்டுபோனேன். வெளியே வாங்கில் இரண்டு மணி நேரம். பேச வேண்டியதைச் சிங்களத்திலும் தமிழிலும் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். மூன்று தடவை தண்ணீர் குடித்தேன். பக்கத்தில் இருந்த ஹோட்டல்காரர் என் ஆடுகிற காலைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

உள்ளே ஐந்து பேர். அவர்களில் கட்டட எஞ்சினியர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெறுகிற வயது, மெதுவாகப் பேசுவார். நான் உட்காராமலே ஆரம்பித்தேன். சரிவுக் கூரையும் தாழ்ந்த முகப்பும் உங்களுக்கு அழகாக இருக்கலாம், அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது அழகு இல்லை, எங்களை மறுபடியும் லயத்துக்குள் போட்டு அடைக்கப் பார்க்கிறீர்கள் என்று சொன்னேன். குரல் நான் நினைத்ததைவிடக் கூடிப்போய்விட்டது. எஞ்சினியர் என் பிளானைப் புரட்டி, கடைசித் தாளில் நிறுத்தினார்.

"பிள்ளை, கூரையை விடுங்கோ. இந்தப் பின்சுவருக்கு அங்கால என்ன இருக்கு?"

"அடுத்த காம்பராங்க" என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

அவர் நில அளவைப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"அங்கால ஒண்டும் இல்லையே, பிள்ளை. மலைதானே இருக்கு."

தாளைப் பார்த்தேன். பின்பக்கத் தோற்றம் என்று நானே தலைப்புப் போட்ட படம். கீழேயும் மேலேயும் வெறும் சுவர். ஒரு ஜன்னல் இல்லை, ஒரு கதவு இல்லை, கையகலத் துவாரம்கூட இல்லை. அந்தச் சுவருக்கு அங்கால பள்ளத்தாக்கும் ரயில் பாதையும் எதிர்மலைத் தேயிலையும் இருந்தன. அந்தக் காணியை அக்கா பார்த்த அன்றைக்கே பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

எங்கள் லயம் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம். இந்தப் பக்கம் பத்துக் காம்பரா, அந்தப் பக்கம் பத்து. காம்பராவுக்கு ஒரே கதவு, அது முன்னால் இஸ்தோப்புத் திண்ணைக்குத் திறக்கும். பின்சுவருக்கு அங்கால வேறொரு குடும்பம். அவர்கள் இருமுவது, சண்டை போடுவது, கோயில் பாட்டுப் போடுவது எல்லாம் எங்களுக்குக் கேட்கும். சுவரைத் தட்டி மிளகாய் இருக்கிறதா என்று கேட்போம். ஊராருக்கு எத்தனையோ வீடு வரைந்திருக்கிறேன், ஒரு பின்சுவரைக்கூட இப்படி அடைத்ததில்லை. எங்களுக்கென்று வரைந்தபோதுதான் அடைத்துவைத்தேன். ஐந்து பேருக்கு முன்னால் நின்று லயத்துக்குள் போட்டு அடைக்கிறீர்கள் என்று கத்தியவள் நான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது, அதை அங்கே காட்டவில்லை.

எஞ்சினியர் கூரைப் பேச்சுக்கு வந்தார். கொங்கிரீட்டுக்கு மேலே சரிவாக ஓடு போட்டால் மழைச் சத்தம் கேட்காது, அவர்களுக்கும் திருப்தி என்று ஒரு வழி சொல்லி, தாள்களைச் சுருட்டிக் கையில் தந்தார்.

அன்றைக்கே பஸ் ஏறி அக்காவிடம் போனேன். இஸ்தோப்பில் உட்கார்ந்து கொழுந்து பறிக்கிற பையைத் தைத்துக்கொண்டிருந்தாள். என் தப்பால் இன்னும் ஒரு மாதம் போய்விட்டது என்று சொல்லி, கடைசித் தாளை விரித்துக் காட்டினேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நான் அதை எத்தன தடவ பாத்திருக்கேன். ஒண்ணும் தோணலடி" என்றாள். ஊசியைக் கீழே வைத்தாள். "குவைத்துல தெனமும் ஜன்னல் தொடச்சிருக்கேன். ஒரு வீட்டுல இருபத்திரண்டு. நமக்கும் வேணும்னு தோணவே இல்ல பாரு."

அடுத்த மாதம் பிளான் பாஸானது. பின்சுவரில் மேலே இரண்டு, கீழே இரண்டு, எல்லாம் அகல ஜன்னல். மேசன் பாசாரைப் போட்டு நெருக்கி, சண்டை பிடித்து, மழைக்குப் பத்து நாள் இருக்கும்போது பால் காய்ச்சினோம். எல்லா ஜன்னலையும் நானே திறந்துவிட்டேன். தெமோதரையிலிருந்து ரயில் வருவது படுக்கை அறையிலிருந்தே தெரிந்தது. சொந்தக்காரர்கள் வரிசையாக நின்று போட்டோ எடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மழை தொடங்கியதும் போய்ப் பார்த்தேன். ஓட்டில் விழுகிற சத்தம் கீழே கேட்கவில்லை. படுக்கை அறைக்குள் போனால் இருட்டு. அக்கா குவைத்திலிருந்து கொண்டுவந்த பெரிய அலுமாரியைப் பின் ஜன்னலுக்கு அணைத்து நிறுத்தி, அதில் முதுகு படுகிற மாதிரி கட்டிலைப் போட்டிருந்தாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, நேரே போய் அலுமாரியில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினேன்.

"நாளைக்குத் தள்ளலாம்டி" என்றாள் அக்கா. "முதுகுக்கு அங்கிட்டு யாரும் இல்லேன்னா தூக்கம் வர மாட்டேங்குது. இன்னைக்கு மட்டும் இருக்கட்டும்."

கையை எடுத்துவிட்டேன். அந்த மழை விட்டு, பனி வந்து போய், இப்போது வெயில் காலம். போகும்போதெல்லாம், தள்ளலாமா என்று கேட்கிறேன். நாளைக்கு என்கிறாள்.