வேலியைச் சுற்றி நீந்தியவள்

ரோஸ்லின் இறந்த செய்தி வந்தபோது நான் பழைய பேருந்து நிலையத்துக்கு வெளியே நுங்கு வாங்கிக்கொண்டிருந்தேன். அவளுடைய அண்ணன் மகன் அலைபேசியில் அழைத்து, அத்தை காலையில் தவறிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னான். அந்த நுங்கு அவளுக்குத்தான். சில நாட்களாகச் சோறு இறங்காமல் கிடந்தவளுக்கு இதாவது இறங்கும் என்று நினைத்திருந்தேன். பொட்டலத்தைக் கையில் பிடித்தபடியே அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மதியத்துக்குள் தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். ஏதோ ஒரு கல்யாணத்தில் பட்டுப்புடவையோடு தலைகுனிந்து நிற்கும் படம். அதற்குக் கீழே ‘அமைதியின் உருவம், பொறுமையின் இலக்கணம்’ என்று போட்டிருந்தது. அடக்கத்தின்போது பேசியவர்களும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். அவளைச் சரியாகத் தெரிந்த நாம் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவளோடு கடலுக்கு வந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரோஸ்லின் அமைதியானவள் இல்லை. பொறுமை அவளுக்குச் சுத்தமாகக் கிடையாது. செத்துப்போனாள் என்ற ஒரே காரணத்துக்காக யாரும் அவளைச் சாதுவாக்கிவிட வேண்டாம். ‘அவர்’ என்று எழுதினால்தான் மரியாதையாக இருக்கும் என்று என் மகள் சொல்கிறாள். இத்தனை காலம் என் டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்டவளை என்னால் ‘அவர்’ என்று எழுத முடியாது.

நாங்கள் இருவரும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்த்தோம். அவள் புன்னைக்காயல்காரி, கடலோரத்து மீனவக் குடும்பம். தட்டச்சு வேலைக்கு வந்து, அங்கேயே ஓய்வு பெற்றவள். நான் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயல்காட்டு ஊரிலிருந்து கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தவள். மே மாதம் வந்தால் அலுவலகத்து ஆண்கள் வேன் வைத்து மணிமுத்தாறு அருவிக்குப் போவார்கள். பெண்கள் நாங்கள் புளியோதரையும் துவையலும் கட்டிக்கொண்டு வந்து வேனில் ஏற்றிவிட்டு, உள்ளே போய் அவர்களுடைய வேலையையும் சேர்த்துப் பார்ப்போம். ஒரு வருடம் ரோஸ்லின் வெறுங்கையோடு வந்து நின்றாள். சோறு எங்கே என்று தலைமை எழுத்தர் கேட்டார். நாங்களும் வருகிறோம், வழியில் எல்லாருமே ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றாள். பெண்களுக்கு அங்கே வசதிப்படாது என்று அவர் சொன்னார்.

“அப்பம் வசதிப்படுத எடத்துக்கு நாங்க போய்க்கிடுதோம், அண்ணாச்சி” என்றாள்.

அடுத்த ஞாயிறு விடியற்காலையில் அலுவலகப் பெண்களை டவுன் பஸ்ஸில் ஏற்றி, துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு மணற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஞாயிறு காலைப் பூசையை விட்டுவிட்டு வருகிறாயே என்று ஒருத்தி கேட்டதற்கு, சாயங்காலப் பூசைக்குப் போய்க்கொள்ளலாம், சேசுவே கடற்கரையில்தான் சுற்றிக்கொண்டு திரிந்தார் என்றாள். நம் ஊர்க் கோடையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குக் கோடைப் பயிற்சி வகுப்பு, வாலிபர்களுக்குக் கிரிக்கெட், ஆண்களுக்கு அருவி. வீட்டுப் பெண்களுக்கு விடுமுறை என்றால் கூடுதல் சமையல், அவ்வளவுதான். கைக்கெட்டும் தூரத்தில் இவ்வளவு பெரிய கடல் கிடந்தும், முழங்காலுக்கு மேல் அதில் நனைந்தவள் எங்களில் ஒருத்தியும் இல்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ரோஸ்லின் நகரவே இல்லை. இன்னும் உள்ளே போக வேண்டியதுதானே என்றேன். தனக்கு நீச்சல் தெரியாது என்று அவள் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவள் அப்பாவுக்குச் சொந்தப் படகு இருந்தது. அண்ணன் தம்பிகள் நடக்கப் பழகியதும் நீந்தப் பழகியவர்கள். இவளை மட்டும், வயதுக்கு வந்த பிறகு, வலை காயப்போடும் இடத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். வாய்க்காலில் குதித்து வளர்ந்த எனக்கு அது புதிதாக இருந்தது. நாற்பது வயதைத் தாண்டியவளுக்கு அந்தக் கோடையில் நான் நீச்சல் பழக்கினேன். முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்குவேன். அவள் தண்ணீர் குடிப்பாள், என்னைத் திட்டுவாள், மறுபடியும் படுப்பாள். ஒருநாள் நான் கையை எடுத்தது தெரியாமலே மிதந்தாள். பிறகு தெரிந்துகொண்டாள். சத்தம் போடவில்லை. வானத்தைப் பார்த்தபடியே கிடந்து, மெதுவாகச் சொன்னாள்:

“இத்தன வருசமா இத எங்கிட்டயிருந்து ஒளிச்சு வச்சிருக்கானுவளா.”

அடுத்தடுத்த கோடைகளில் கூட்டம் பெருகியது. முத்தையாபுரத்துத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வந்தார்கள். உப்பளத்திலிருந்து வந்தார்கள். ஜவுளிக்கடையில் வாரம் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண்கள் வந்தார்கள். சேலையோடு சிலர், சுடிதாரோடு சிலர், நைட்டியோடு நிறையப் பேர். கைப்பிள்ளைக்காரிகள் முறைவைத்துக் கரையில் பிள்ளை பார்த்தார்கள். மேற்கே இருந்து வரும் கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கத் தொடங்குவதற்குள் குளித்து, சாப்பிட்டு, மக்ரூன் பொட்டலத்தைக் காலி செய்து பஸ் பிடித்துவிடுவோம்.

பேச்சியம்மாளை உங்களில் பலருக்குத் தெரியும். உப்பளத்தில் வேலை பார்ப்பவள். அவள் கணவர் ஒருநாள் கரைக்கே வந்து, குடும்பப் பொம்பளை கடலுக்குள் கூத்தடிப்பதா என்று சத்தம் போட்டார். பேச்சியம்மாள் கரையேறத் திரும்பினாள். ரோஸ்லின் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, மார்பளவுத் தண்ணீரில் நின்றபடியே பதில் சொன்னாள்.

“பேசணும்னா இங்கன வாங்க, அண்ணாச்சி. தண்ணிக்குள்ள நின்னு பேசுவோம்.”

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கத்தான் செய்தார். ஓர் அலை வந்து இடுப்பில் அடித்ததும் பின்வாங்கிவிட்டார். அதற்காக வீட்டுக்கும் போகவில்லை. மனைவியைக் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்று எங்கள் பைகளுக்குப் பக்கத்தில், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அடுத்த ஞாயிறும் வந்து அதேபோல் உட்கார்ந்தார். பல கோடைகள் அப்படி வந்தார். அவர் மனம் மாறினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரோஸ்லினுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. அவர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று யார் அழுதார்கள், பைகள் பத்திரமாக இருக்கின்றன, அது போதும் என்பாள்.

பிறகு வேலி வந்தது. நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பின் வந்த ஒரு கோடையில், பஸ் நிறுத்தத்திலிருந்து கடலுக்குப் போகும் பாதையில் இரும்புக் கேட் நின்றது. யாரோ வெளியூர்க்காரர் அங்கே விருந்தினர் விடுதி கட்டியிருந்தார். கேட்டின் இரண்டு பக்கமும் கம்பிவலை ஓடி, கடலுக்குள்ளேயே கொஞ்சதூரம் இறங்கி நின்றது. அறை எடுத்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று காவலாளி சொன்னார். எங்களில் சிலர் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ரோஸ்லின் கேட்டுக்கு முன்னால் நடுப்பாதையில் துண்டை விரித்து உட்கார்ந்து, சோற்றுத் தூக்கைத் திறந்தாள். நாங்களும் உட்கார்ந்தோம். காவலாளிக்கும் ஓர் இலையில் வைத்துக் கொடுத்தாள். விடுதி மேலாளர் வந்தார். இது தனியார் இடம், எழுந்து போகாவிட்டால் போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்றார்.

“கூப்பிடுங்க தம்பி. புளியோதரை அவங்களுக்கும் இருக்கு” என்றாள் ரோஸ்லின்.

போலீஸ் வரவில்லை. வெயில்தான் ஏறியது. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அவள் எழுந்து நின்று அந்த வேலியைக் கடைசிவரை பார்த்தாள். வேலி எங்கே முடிகிறதோ அங்கே போவோம் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். வடக்கே மீனவர் குடியிருப்பு வழியாகக் கரைக்கு இறங்கி, மணலிலேயே நடந்து வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றோம். கடைசிக் கம்பம் ஆழத்தில் இருந்தது. ரோஸ்லின்தான் முதலில் இறங்கினாள். கம்பத்தைச் சுற்றி நீந்தி, அந்தப் பக்கம் குடை நட்டு உட்கார்ந்திருந்த விருந்தாளிகளுக்கு எதிரே போய் எழுந்து நின்றாள். அவளுடைய நைட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தலையைத் துவட்டக்கூட இல்லை, எங்களைப் பார்த்துக் கையை அசைத்தாள். நீச்சல் தெரிந்தவர்கள் பின்னால் போனோம். தெரியாதவர்களுக்காகக் கரையிலிருந்த ஒருவர் படகுக் கயிறு கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தார்கள். பேச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள்.

அடுத்த ஞாயிறும் அப்படித்தான் போனோம், அதற்கு அடுத்த ஞாயிறும். நடுவில் திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நின்றோம். ரோஸ்லினின் அண்ணனே அவளைக் கூப்பிட்டு, பணக்காரர்களோடு மோதாதே, இந்த வயதில் இது தேவையா என்றார். இந்த வயதில்தான் நேரம் இருக்கிறது என்று அவள் பதில் சொன்னாள். அடுத்த கோடைக்குள் நில அளவையாளர் வந்து அளந்தார். பாதை ஊருக்குப் பொதுவானது என்று ஆனது. கேட்டைக் கழற்றினார்கள், வேலியையும் பிடுங்கினார்கள். இன்றைக்கு மாலைநேரத்தில் குடும்பம் குடும்பமாக ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு அந்தப் பாதையில் நடந்து போகிறார்கள். போகட்டும். ஆனால் அது தானாகத் திறந்த பாதை இல்லை.

அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்ததும் ஒரு பக்கத்தை எடுத்ததும் உங்களுக்குத் தெரியும். காயம் ஆறி, தண்ணீரில் இறங்கலாம் என்று மருத்துவர் சொன்ன முதல் மே மாதத்தில் அவள் கரைக்கு வந்து நின்றாள். நாங்கள் யாரும் நேராகப் பார்க்கவில்லை. நல்ல எண்ணத்தோடுதான் ஒருத்தி சொன்னாள், நனைந்தால் வித்தியாசம் தெரியும், மேலே ஒரு துண்டு போட்டுக்கொள் என்று. ரோஸ்லின் துண்டை வாங்கி மணலில் போட்டாள்.

“ஏளா, கடலுக்குள்ள எறங்க ரெண்டும் இருக்கணும்னு எவன் சொன்னான்?”

முதலில் சிரித்தவள் பேச்சியம்மாள். பிறகு எல்லாரும் சிரித்தோம். அவள் ஒரு பக்கம் தட்டையாக, நனைந்த துணி ஒட்டிக்கொண்டிருக்க, கரைக்கும் தண்ணீருக்குமாகக் காலை முழுவதும் நடந்தாள். வேண்டுமென்றேதான் நடந்தாள். மார்பை எடுத்த பிறகு வீட்டை விட்டு வெளியே வராமலிருந்த இன்னொரு பெண் எங்களோடு வரத் தொடங்கியது அதன் பிறகுதான்.

நோய் திரும்பி வந்தது. போன மே மாதம் அவளால் நடக்க முடியவில்லை. ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போக நாங்கள் போய் நின்றபோது, சாகப்போகிறவளை ஏன் வெயிலில் இழுத்தடிக்கிறீர்கள் என்று அவள் அண்ணன் எங்களைக் கோபித்துக்கொண்டார். வீட்டுக்குள்ளே இருந்தால் மட்டும் சாகாமல் இருப்பேனா என்று உள்ளேயிருந்து இவள் கேட்டாள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை ஆழமில்லாத தண்ணீரில் போட்டு அவளை உட்காரவைத்தோம். ஒவ்வோர் அலைக்கும் நாற்காலிக் கால்கள் மணலில் புதைந்தன. இன்னும் உள்ளே தள்ளு, இன்னும் உள்ளே தள்ளு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இடுப்பு வரைக்கும் தண்ணீர் வந்த பிறகுதான் சரி என்றாள். எல்லாரும் சுற்றி நின்றோம். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. என்னைப் பார்க்கவா வந்தீர்கள், போய் நீந்துங்கள் என்று விரட்டிவிட்டாள். நான் மட்டும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் நீந்தித் தள்ளிப் போன பிறகு அவள் என்னிடம் சொன்னாள்.

“எனக்கு ஆத்திரமா இருக்குளா. இன்னும் கொஞ்சம் கோட நான் பாத்திருக்கணும். ஆண்டவர் சித்தம்னு எவளாவது வந்து சொன்னா அடிச்சிருவேன்.”

எனக்கும் ஆத்திரமாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அவள் சாந்தமாகக் கண்மூடினாள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். வாழ வேண்டும் என்ற கோபத்தோடுதான் போனாள்.

அடக்கம் முடிந்த வாரமே பேச்சு எழுந்தது. துக்கம் நடந்த வருடம், அவளுக்கு மரியாதையாக இந்தக் கோடையில் கடலுக்குப் போகாமல் இருப்போம் என்று சிலர் சொன்னார்கள். சொன்னவர்களுக்கு அவள்மேல் பிரியம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நம்மை வீட்டில் உட்காரவைக்க அவளுடைய பெயரையே யாரும் எடுக்கக் கூடாது.

ஜெபமாலையையும் சங்கிலியையும் அவளுடைய வீட்டார் வைத்துக்கொண்டார்கள். நான் வைத்துக்கொண்டது அவளுடைய ஒரு சொல். கோடை முழுக்கச் சனிக்கிழமை சாயங்காலம் அவள் ஒவ்வொருத்தியையும் அலைபேசியில் அழைப்பாள். வாரியா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் யோசிப்பார்கள், யோசித்தால் வீட்டு வேலை ஞாபகம் வந்துவிடும் என்பாள். “நாளைக்குப் போறோம்” என்பாள், வைத்துவிடுவாள்.

போன சனிக்கிழமை சாயங்காலம் நான் உட்கார்ந்து ஒவ்வொருத்தியாக அழைத்தேன். பேச்சியம்மாள் கொஞ்சநேரம் அழுதாள். அவள் இல்லாமல் எப்படிப் போவது என்று கேட்டாள். அழுது முடிக்கும்வரை காத்திருந்து, நாளைக்குப் போறோம் என்று சொன்னேன். மறுநாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்னாலேயே வந்து நின்றாள்.

இதைப் படிக்கும் உங்களிடமும் நான் எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, முதல் டவுன் பஸ். போகிறோம்.