பாத்திரம் வருமுன் எழுந்து போனவர்

என் வீட்டுக்காரர் குடியை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. காலை ஜெபத்தில் அவரோடு முழங்கால் போடும்போதெல்லாம், கர்த்தரே, இன்றைக்கு ஒரு நாள் காப்பாற்றும் என்று மட்டும்தான் கேட்பேன்.

ஆனால் அவர் சர்ச்சுக்கு வரத் தொடங்கிய மூன்று மாதமாக ஒன்று நடந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து; அப்பமும் பாத்திரமும் ஒவ்வொருவரிடமும் வரும். போதகரய்யா மேசைமேல் இருக்கிற வெள்ளைத் துணியை எடுத்ததும் இவர் எழுந்து வெளியே போய்விடுவார். எங்கள் சபையில் பாவத்தை வைத்துக்கொண்டு யாரும் பாத்திரத்தைத் தொட மாட்டார்கள். எழுந்து போனால் என்ன அர்த்தமென்று எல்லோருக்கும் தெரியும்.

"என்னட்டி, ஒன் வீட்டுக்காரருக்கு ஆமென் சொல்லக்கூட பொறுக்கலையோ?" என்றாள் பக்கத்திலிருந்த அக்கா.

மூன்றாம் மாதம் நானும் பின்னாலேயே போனேன். தாராவியில் எங்கள் சர்ச் சந்து முடிகிற இடத்தில் சாராயக்கடை. பகல் பதினோரு மணிக்கே கூட்டம். அவர் நேரே அங்கேதான் நடந்தார். வேதப்புத்தகத்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். உள்ளேயிருந்து ஒருத்தன், "அரே அண்ணா, ஆவோ நா!" என்று கூப்பிட்டான். இவர் நின்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கடையைத் தாண்டிப் போய், தெருக்குழாயில் முகம் கழுவினார்.

ஓடிப்போய், "வாயை ஊதுங்க" என்றேன்.

நடுத்தெருவில் ஊதினார். ஒரு வாடையும் இல்லை.

"பொறவு எதுக்கு எந்திரிச்சு வந்திய?"

"அந்த ஒயின் வாசம் மூக்குல ஏறுதுட்டி. ஒரு சொட்டு போதும் எனக்கு. கர்த்தரோட மேசையிலருந்து திரும்பவும் குடிக்கப் போனேன்னு ஆயிரக்கூடாது."

"ஐயாகிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சபையே குடிக்கிற பாத்திரத்த எனக்காவ மாத்துங்கன்னு எந்த மூஞ்சிய வச்சு கேக்க?"

நான் போதகரய்யாவிடம் போய்க் கேட்டேன். "இது எனக்கே தோணியிருக்கணும்மா" என்றார்.

அடுத்த திருவிருந்துக்கு உலர்ந்த கறுப்பு திராட்சையை நானே வேகவைத்துச் சாறு வடித்தேன். ஆனால் கிளம்பும்போது எனக்குக் கால் வரவில்லை. அவரைச் சந்தேகப்பட்ட மனசோடு நான் எப்படிப் பாத்திரத்தைத் தொடுவேன்?

"மன்னிச்சிருங்க" என்றேன்.

"ஊதச் சொன்னதுக்கா? இன்னமும் சொல்லு. கேக்க ஆளிருந்தா எனக்குத் தெம்பு."

பாத்திரம் அவரிடம் வந்தபோது எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மூடவில்லை. முதலில் மோந்து பார்த்தார். பிறகு குடித்தார். ஆசீர்வாதம் சொல்லி முடிகிறவரை எழுந்திருக்கவில்லை.