ஆறு அங்குலம் நீட்டிய கட்டில்

போன கிழமை லண்டன் ரெய்னர்ஸ் லேனில் மகளின் புது வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் கையில் போனைப் பிடித்துக்கொண்டு படுக்கையறை நடுவே சுழன்று சுழன்று நின்றான்.

"என்ன தம்பி, சிக்னல் இல்லையோ?" என்றேன்.

"இல்லை மாமா, கொம்பஸ் பாக்கிறன். கட்டில் தலைமாடு வடக்கை வரக்கூடாது எண்டு அம்மா சொன்னவ."

எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. மகள் முறைத்தாள். அவளுக்கு இன்றுவரை சொல்லாத கதை இது. உங்களுக்குச் சொல்கிறேன், உங்களோடு இருக்கட்டும்.

எண்பதுகளின் கடைசியில் அப்டன் பார்க்கில் ஒரு வீட்டில் ஆறு பேர் இருந்தோம். மெத்தை மூன்று. ஷிப்டுக்குப் போகிறவன் எழும்ப, ஷிப்ட் முடிந்து வந்தவன் அதே சூட்டில் விழுவான். என் தலையணையில் எப்போதும் வேறொருவனின் தலையெண்ணெய் மணக்கும். இப்போதும் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து அந்த மணம் வந்தால் எழும்பி வேறு சீட்டுக்குப் போய்விடுவேன். எனக்கு வேலை சமையலறை அலுமாரி செய்யும் பட்டறையில். ஊராருடைய சட்டி பானைக்கெல்லாம் அளவெடுத்துப் பெட்டி அடித்தேன். என் உடம்பைச் சாய்க்க எனக்கென்று ஒரு பலகை கிடையாது.

நேசன் அண்ணை அந்த நாட்களில்தான் வந்து ஆசை காட்டினார். தூரத்து உறவு, பெற்றோல் ஸ்டேசன் மனேஜர். முறைப்படி லைசன்ஸ் எடுத்த துவக்கு ஒன்று வைத்திருந்தார். எசெக்ஸ் பக்கம் ஒரு வெள்ளைக்கார விவசாயி தன் வயலில் முயலும் புறாவும் சுட அவருக்கு அனுமதி கொடுத்திருந்தார். அண்ணை வாயைத் திறந்தால் வன்னியில் பன்றி சுட்ட கதைதான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்தப் பன்றி கொஞ்சம் பெருத்திருக்கும்.

"தம்பி, பிக்கப் ஒண்டு வாங்கிப்போட்டன். பின்பெட்டிக்கு மேலை ஒரு கூடு அடிச்சால் சனி ஞாயிறு வயலிலையே தங்கலாம். ரெண்டு கட்டில். ஒண்டு எனக்கு, மற்றது உனக்கு."

அந்த 'உனக்கு'க்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

முதலில் ஆயத்தமாக விற்கும் கூடுகளைப் பார்க்கப் போனோம். ஒன்று பிக்கப்பைவிட அகலம். இன்னொன்றில் அண்ணையின் வயிறு கதவுக்குள் நுழையவில்லை. "நீயே அடி" என்று சொல்லிவிட்டார். மூன்று மாதம், வேலை முடிந்த ஒவ்வொரு பின்னேரமும் அடித்தேன். சட்டத்துக்கு மரம், உள்ளே பிளைவூட், வெளியே அலுமினியத் தகடு. உடைந்த கரவன் வண்டியிலிருந்து கழற்றிய ஒரு ஜன்னல். தேத்தண்ணி வைக்க ஒரு காஸ் அடுப்பு. என் கட்டிலுக்கு அளவெடுக்கப் பட்டறைத் தரையில் மல்லாந்து படுத்து, கூட வேலை செய்த ஐரிஷ்காரக் கிழவரைச் சோக்கால் கோடு போடச் சொன்னேன். "சவப்பெட்டியா?" என்று கேட்டார் மனிதர். உள்ளங்கால் பலகையில் சரியாக முட்ட வேண்டும். அந்த முட்டல்தான் எனக்கு வேண்டியிருந்தது. இந்த லண்டனில் என் அளவுக்குச் செய்த ஒரு பொருள்.

அண்ணைக்கு உலகத்தில் ஒரே பயம், வடக்கே தலை வைத்துப் படுப்பது. கூட்டில் இரண்டு கட்டிலின் தலைமாடும் வண்டியின் முன்பக்கம். அதனால் ஒரு திசைகாட்டி வாங்கிவந்து தன் தலைமாட்டில் பூட்டச் சொன்னார். ஒரு பகலில் வெள்ளோட்டமாக வயலுக்குப் போனோம். வயல் வாசல் படலையால் நேரே உள்ளே போனால் வண்டியின் மூக்கு வடக்கைப் பார்த்து நிற்கும். விடுவாரா? என்னைச் சேற்றில் இறக்கி, "பின்னாலை பார், பின்னாலை பார்" என்று கத்திக் கத்தி, மூக்கு தெற்கே திரும்பும்வரை அரை மணித்தியாலம் உருட்டினார். என் சப்பாத்து இரண்டும் சேற்றோடு போயின. நான் கவலைப்படவில்லை. அடுத்த சனி என் கட்டிலில் படுப்பேன் என்ற சந்தோசப் புளுகம்.

வெள்ளிக்கிழமை அண்ணை ஒரு டொக்டரோடு பட்டறைக்கு வந்தார். ஆள் பனை உயரம். "எல்லாம் என்ரை கையாலை செய்தது டொக்டர்" என்று என் முன்னாலேயே சொன்னார். வெட்கமில்லாத மனுசன்! பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, டொக்டர் வாறார். உந்தக் கட்டிலை ஒரு ஆறு இஞ்சு நீட்டிவிடு. நீ அடுத்த முறை வரலாம்."

"ஓம் அண்ணை" என்றேன். வேறென்ன சொல்ல? எனக்கு வேலை எடுத்துத் தந்தவர் அவர்தான்.

அவர்கள் போனபின் கால்மாட்டுப் பலகையைக் கழற்றினேன். ஆறு அங்குலம் நீட்டினேன். பட்டறை மூலையில் உடைந்த ஒலிபெருக்கி ஒன்று கிடந்தது. அதன் காந்தத்தைப் பெயர்த்தெடுத்து, அண்ணையின் தலைமாட்டுப் பிளைவூட்டுக்குப் பின்னால், திசைகாட்டிக்கு நேரே ஒட்டி மூடினேன். வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் இனி அந்த முள் தலைமாடு தெற்கு என்றே சொல்லும். படடா ராசா, வடக்கே தலை வைத்து வடிவாய்ப் படு!

அடுத்த முறை என்பது வரவே இல்லை, அதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். வாராவாரம் வேறு வேறு பெரிய மனிதர்கள் போனார்கள். ஒரு பிறந்தநாள் விழாவில் அண்ணை எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"சும்மா வண்டியில்லை, ராசியான வண்டி! படலையாலை நேரை போய் விடுறன், தலைமாடு தானாத் தெற்கை வருது. எல்லாம் அம்மாளின்ரை செயல்."

நான் ரோல்ஸைக் கடித்தபடி தலையாட்டினேன். அன்றைக்குச் சாப்பிட்ட ரோல்ஸின் ருசி பிறகு எங்கேயும் கிடைக்கவில்லை. அவருக்கு ஏதாவது வரும் என்று ஆசையோடு காத்திருந்தேன். கெட்ட கனவாவது வரட்டும் என்று. "நித்திரை எப்பிடி அண்ணை?" என்று காணும்போதெல்லாம் விசாரிப்பேன். "உந்தக் கூட்டிலை படுத்தாப்போலை வேறையெங்கையும் எனக்கு நித்திரை வராது தம்பி" என்பார். ஆள் கொழுத்தார். இரண்டாவது பெற்றோல் ஸ்டேசனும் எடுத்தார். நித்திரை கெட்டுக் கிடந்தது நான்தான், மற்றவனின் தலையெண்ணெய் மணக்க.

தொண்ணூறுகளின் கடைசியில் வண்டி துருப்பிடித்துவிட்டது. "நாளைக்கு உடைக்கக் குடுக்கிறன், உதவுற சாமான் இருந்தால் கழட்டு" என்று அண்ணை சொல்லிவிட்டார். போனேன். அப்போது எனக்கு வீடு இருந்தது, பெரிய கட்டில் இருந்தது, பிள்ளையும் பிறந்துவிட்டாள். ஒரு பொருளையும் கழற்றவில்லை. காந்தம் அந்த இரும்போடேயே போகட்டும் என்று விட்டேன்.

அண்ணை இப்போது இல்லை. வயலில் வீடுகள் எழும்பிவிட்டன. அப்டன் பார்க் வீட்டில் யார் இருக்கிறார்களோ தெரியாது. நான் அவரை மன்னிக்கவில்லை, அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

சாமான் கழற்றப் போன அன்று, திரும்பமுன் கூட்டின் கதவைச் சாத்திவிட்டு என் கட்டிலில் ஒருமுறை, அந்த ஒரே ஒருமுறை, ஏறிப் படுத்தேன். திசை பார்க்கவில்லை. காலை நீட்டினேன். பலகை முட்டவில்லை.