வலை பதிந்த ஜாடி

எனக்குக் கோபம் அதிகம் என்று தெருவே சொல்லும். அதிகம்தான். அந்தக் கோடையில் அது தலைக்கு மேல் ஏறியிருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். மண் வேலை வேண்டாம் என்று துறைமுகத்துக்குக் கரி இறக்கப் போன என் புருஷன் அங்கேயே அடிபட்டுச் செத்து இரண்டு வருஷம். திருவொற்றியூரில் அவருடைய அண்ணனான என் மூத்தார் வீட்டுப் பின்கட்டில் எனக்கு ஒரு மூலை கொடுத்திருந்தார்கள். கொடுத்ததைத் தினமும் சொல்லிக்காட்டவும் செய்தார்கள்.

எங்கள் குயவர் வீடுகளில் பெண் சக்கரத்தைத் தொடக்கூடாது. சக்கரம் சாமி. சரி, சாமியாகவே இருக்கட்டும். ஆனால் சக்கரத்திலிருந்து இறங்கும் பானைக்கு அடியே இருக்காது என்பது வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வாயும் கழுத்தும் தடித்த சுவரும்தான் இருக்கும். உள்ளே உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் தட்டித் தட்டிச் சுவரை மெலியவைத்து, வயிற்றைத் திரட்டி, அடியை மூடுவது பெண்கள். சித்திரையில் தண்ணீர்ப் பானைக்குக் கிராக்கி. மூத்தார் வாய் வைத்துப் போட்ட பானைகளுக்கெல்லாம் வயிறும் அடியும் வைத்தது நான். வாங்க வருகிறவர்கள் அவரைப் பார்த்து, “உன் கையே கை நைனா” என்பார்கள். அவரும் வாய் கூசாமல் சிரித்துக்கொள்வார். முழங்கை வரை சேறு அப்பிக்கொண்டு நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஆத்திரத்தில்தான் நானாகச் செய்ய ஆரம்பித்தேன். சக்கரத்தைத் தொட்டால்தானே தீட்டு? மண்ணைக் கயிறாகத் திரித்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி ஏற்றி, விரலால் இழைத்து ஒட்டினேன். பானை நகராமல் நிற்கும். நான் அதைச் சுற்றிப் பின்பக்கமாக நடப்பேன். ஒரு ஜாடி முடிவதற்குள் எத்தனை சுற்று நடந்திருப்பேனோ, இடுப்பு விட்டுப்போகும். மூத்தார் வீட்டுப் பானைகளோடு சேர்த்து அவற்றையும் ராயபுரத்தில் விற்க எடுத்துப் போனபோதுதான் மாதாகோயில் பள்ளிக்கூடத்து மதர் பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நறுக்கென்று பேசுவார்.

“சக்கரம் இல்லாமலா செஞ்சீய? நம்ம பொம்பளையளுக்கும் சொல்லிக் குடுப்பீயளா?” என்றார்.

கோடை விடுமுறையில் பள்ளிக் கொட்டகை சும்மா கிடக்கும். கதியில்லாத பெண்கள் பத்துப் பேருக்கு அங்கே நான் கற்றுத்தர வேண்டும். பள்ளி திறப்பதற்கு முன்னால் விற்பனை வைப்பார்கள். அதற்கு வரும் பெரிய வீட்டு அம்மாக்கள் எந்தக் கையின் வேலையைச் சிறந்தது என்கிறார்களோ, அந்தப் பெண்ணுக்கு, அது நானாக இருந்தாலும் சரி, பள்ளியில் நிரந்தரமாகக் கைவேலை ஆசிரியை உத்தியோகம். மாதச் சம்பளம். தங்குவதற்குப் பின்னால் ஓர் அறை. அறை என்று கேட்டதுமே எனக்கு மற்றது எதுவும் காதில் விழவில்லை. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு ஒன்று எனக்குக் கிடைக்கப்போகிறது என்பது மட்டும்தான் மனதில் நின்றது.

மூத்தாரிடம் சொன்னேன்.

“பொம்பள செஞ்ச பானைய எவன் வாங்குவான்? இன்னா, வாத்தியாரம்மா ஆவப் போறியா?” என்று அவர் சிரித்தார்.

“ஆவத்தான் போறேன் மாமா.”

“போ. ஆனா அந்தக் கண்றாவியெல்லாம் என் சூளைல வெக்க முடியாது. சொல்லிட்டேன்.”

உங்கள் சூளையை நீங்களே கட்டிக்கொண்டு அழுங்கள் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு மறுநாள் காலை ரயிலேறினேன்.

மண் மீஞ்சூர்ப் பக்கத்து ஏரியிலிருந்து வண்டியில் வந்தது. எண்ணூர்க் கழி மண் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் உப்பு. உப்பு பட்ட மண் நெருப்பில் வெள்ளை பூத்துப்போகும், பொரிந்து உதிரும். பிசையும் தண்ணீர்கூட நல்ல கிணற்றுத் தண்ணீராக இருக்க வேண்டும். முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். “எது வேணாலும் மறங்க, உப்ப மட்டும் கிட்ட சேக்காதீங்க” என்று கத்தியிருக்கிறேன்.

பத்துப் பேரில் ஒருத்தி காசிமேட்டு மீன்காரி. முப்பது வயதிருக்கும். புருஷன் கட்டுமரத்தோடு போய்த் திரும்பவில்லை. விடிகாலையில் கரையில் மீன் எடுத்து, ராயபுரம் தெருக்களில் கூவி விற்றுவிட்டு, வெறுங்கூடையைக் கொட்டகை வாசலில் கவிழ்த்துவிட்டு வந்து உட்காருவாள். அவளுக்கு மண்ணுக்கேற்ற கை இருந்தது. அதைப் பார்த்த அன்றே எனக்கு வயிறு எரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் வருஷக்கணக்கில் தட்டித் தட்டிக் கண்டுபிடித்ததை அவள் ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டாள்.

“இந்த வேல எனக்குக் கெடச்சா இந்தக் கூடைய அப்டியே கடல்ல வுட்டுடுவேன்க்கா. கழுத்து எலும்பு தேஞ்சி பூடிச்சி” என்றாள் ஒருநாள்.

விற்பனைக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு ஜாடி ஏற்றினாள். அவ்வளவு உயரம் நானே முயன்றதில்லை. மறுநாள் நான் வந்து பார்க்கும்போது அந்த ஜாடியின் வயிற்றைச் சுற்றிப் பழைய மீன்வலை ஒன்றை இறுக்கிக் கட்டியிருந்தாள். கடலில் ஊறி ஊறி விறைத்துப்போன நூல் வலை.

“இன்னாடி இது?”

“மண்ணு சரிஞ்சிகினே இருந்திச்சிக்கா, நிக்கவே இல்ல. அதான் வலையச் சுத்தி வுட்டேன். இப்போ பாரு, எப்டி நிக்குது.”

“வலைல உப்பு கீதுடி, உப்பு! எத்தினி வாட்டி சொன்னேன்? மீன் நாத்தத்தோட வந்து மண்ணையும் நாறடிக்கிறே. கடக்கரைக்காரிக்கு மண்ணு வேல இன்னாத்துக்கு?”

மற்ற ஒன்பது பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வலையை அவிழ்த்தாள். ஈர மண்ணில் ஒவ்வொரு முடிச்சும் பதிந்திருந்தது. அழித்துவிடட்டுமா என்று கேட்டாள். உப்பு இறங்கியது இறங்கியதுதான், இனி அழித்து என்ன என்று சொல்லிவிட்டேன். திட்டியதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. அந்த ஜாடி உருப்படாது என்று நான் நிச்சயமாக நம்பினேன்.

பள்ளி மைதானத்தின் மூலையில், வரட்டியும் தென்னை மட்டையும் அடுக்கி, வைக்கோல் போட்டு, மேலே சேறு பூசிச் சுட்டோம். அவள் ஜாடி வெடித்தால் மற்றவற்றையும் உடைக்கும் என்று அதை ஓரமாக வைத்தேன். நண்பகலில் கடற்காற்று எழுவதற்குள் நெருப்பு அடங்கிவிட வேண்டும். அதற்காக விடியும்போதே மூட்டினோம். அடுத்த நாள் சாம்பலை விலக்கினால், என்னுடைய ஜாடிகள் எப்போதும்போல் சிவப்பாக, நன்றாக இருந்தன. அவளுடையது வெடிக்கவில்லை. சிவந்த வயிற்றைச் சுற்றி, வலையின் உப்பு பட்ட இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்து, கண்ணி கண்ணியாக ஒரு முழு வலை அதில் ஓடியிருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். அப்போதும் போகவில்லை.

“கெட்டுப் பூடிச்சாக்கா?” என்று அவள் கேட்டாள்.

“பாக்கலாம்” என்றேன். நன்றாக வந்திருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விற்பனை நாளில் அம்மாக்கள் காரில் வந்து இறங்கினார்கள். பள்ளித் தாழ்வாரத்தில் சாமான்களை வரிசையாக வைத்திருந்தோம். என் ஜாடிகளை எடுத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, வைத்துவிட்டு நகர்ந்தார்கள். எல்லோரும் போய் நின்றது ஒரே இடத்தில்தான். அந்த வெள்ளை வலையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். மற்ற பெண்கள் தாழ்வாரத்தின் மறுகோடியில் இருந்தார்கள். அப்போது மீன்காரி அங்கே இல்லை. வந்தவர்களுக்கு மோர் எடுத்துவர மதரோடு போயிருந்தாள்.

அவர்களில் மூத்த அம்மாள் என்னைப் பார்த்து, “இந்த வேலைப்பாடு யாருது? நீங்க பண்ணினதா?” என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. மூத்தாரின் சிரிப்பும் அந்தப் பின்கட்டும் உள்ளே தாழ்ப்பாள் போடும் கதவும் ஒன்றாக என் கண்முன் வந்து நின்றன, வாய் திறந்தால் அதுதான் வந்தது. திரும்பினால், மோர்க் குவளைகளோடு அவள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மதர். மதருக்குச் சந்தேகம், கொட்டகைக்கு அவ்வப்போது வந்து போனவர்தானே.

“இது நீ செஞ்ச ஜாடி இல்லியா, பிள்ளே?” என்று அவளைக் கேட்டார்.

அவள் என்னைப் பார்க்கவேயில்லை. “இல்லீங்க மதர். அக்காதான் செஞ்சாங்கோ. நான் மண்ணு மிதிச்சிக் குட்த்தேன்” என்றாள்.

வேலை எனக்குக் கிடைத்தது. அறையும் கிடைத்தது. மூத்தார் வீட்டிலிருந்து என் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் மாதத்திலேயே அந்த அம்மாக்கள் சொல்லியனுப்பினார்கள்: அதே மாதிரி வலை போட்ட ஜாடி இன்னும் ஆறு வேண்டும். புது வலையைக் கட்டிப் பார்த்தேன், அச்சு மட்டும் விழுந்தது, வெள்ளை வரவில்லை. உப்புத் தண்ணீரில் முக்கிக் கட்டினேன். திட்டுத் திட்டாக அசிங்கமாக வந்தது. கடலிலேயே கிடந்து பழகிய வலைதான் வேண்டும். ஆகையால் காசிமேட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் நான் வலை கேட்கத்தான் போனேன்.

அவள் கரையில் மீனைப் பிரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். எழுந்து போய் ஒரு பழைய வலையைச் சுருட்டிக்கொண்டு வந்து என் காலடியில் போட்டாள்.

என்னால் தாங்க முடியவில்லை. “ஏன்டி அப்டி சொன்னே? நான் பொய் சொன்னேன்னு அங்கியே சொல்லியிருக்கலாமே!” என்று கத்தினேன். இவள் என்னை நாலு பேர் நடுவில் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று அவள்மேலேயே எனக்குக் கோபம்.

அவள் குனிந்து மீண்டும் மீனைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

“நான் உள்ளத சொல்லிர்ந்தா உன்னைய வெளிய அனுப்பிர்ப்பாங்கோ. நீ திரும்ப அந்த வூட்டுக்குத்தான் போயிர்ப்பே. எனக்காவது கடலு கீது. உனுக்கு இன்னா கீது? அதான் சொன்னேன். அதுக்கோசரம் உன்னைய மன்னிச்சிட்டேன்னு நெனச்சிகினு வராதே. வலய எட்த்துகினு போ.”

நான் வலையை எடுத்துக்கொண்டு வந்தேன். ஆறு ஜாடிகளும் நன்றாக வந்தன. எல்லோரும் என் கையைப் புகழ்ந்தார்கள்.