வீரமணி தூக்கிப் பார்த்த பெட்டி

சங்கராபுரத்தில் எங்கள் தெரு ஆட்டுத் தரகர் வீரமணிக்கு எதையும் கண்ணால் பார்த்து நம்பும் பழக்கம் கிடையாது. தூக்கிப் பார்க்க வேண்டும். பூசணிக்காய், கேஸ் சிலிண்டர், பக்கத்து வீட்டுக் குழந்தை, எதுவானாலும் இரண்டு கையாலும் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கி "ம்" என்பார். அந்த "ம்" வந்தால்தான் சரக்கு. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் ஆடுகளை இப்படித் தூக்கித் தூக்கியே வீடு கட்டினார், மகள் தனுஷாவைப் படிக்க வைத்தார். அதனால் அவரை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பேசியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

தனுஷா வீடியோ எடிட்டிங் படித்தவள். கள்ளக்குறிச்சி ஸ்டுடியோக்காரர் ஒருவர், "இந்த ஒரு கல்யாணத்த முடிச்சுக் குடும்மா. நல்லா இருந்தா இனிமே எல்லாம் உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். வீரமணியோ நைனார்பாளையத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். "வேல கெடச்சா கல்யாணத்தத் தள்ளிப் போடறேன். கெடைக்கலன்னா தை மாசம் தாலி" என்று மகளிடம் கறாராகச் சொல்லிவிட்டார். எவளோ ஒருத்தியின் கல்யாண வீடியோ இவள் கல்யாணத்தைத் தீர்மானிக்கும் நிலைமை. அந்த ஒருத்திக்கோ வளைகாப்புக்கே நாள் குறித்தாயிற்று. கல்யாண வீடியோ அதற்குள் வந்தாக வேண்டும்.

புதுக் கம்ப்யூட்டருக்கான பாகங்களைத் தனுஷாவே தேடித் தேடி வாங்கினாள். மிச்சம் இருந்தது எஸ்.எம்.பி.எஸ். மட்டும். கரண்டை வாங்கி மற்ற எல்லாவற்றுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிற பெட்டி. இதைக் கேட்டதும் வீரமணி எழுந்து நின்றுவிட்டார்.

"சோறு போடுற பெட்டியா? அத நான்தான் பாக்கணும்."

கள்ளக்குறிச்சியில் இளவரசன் என்பவரின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். தனுஷா கணக்கோடு வந்திருந்தாள். "எல்லாம் சேத்து முந்நூத்தம்பது வாட்ஸ் இழுக்கும்பா. ஐந்நூத்தம்பது வாங்குனா தாராளம். இது நல்ல கம்பெனி."

வீரமணி அதைத் தூக்கினார். "ம்" வரவில்லை. "இன்னாம்மா இது, நோஞ்சான் குட்டி மாதிரி இருக்குது?"

பைக்குள் கையை விட்டு, சந்தைக்குக் கொண்டுபோகும் கொக்கித் தராசை எடுத்தார். கடையிலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக மாட்டித் தொங்கவிட்டார். கூட்டம் கூடியது. பென்டிரைவ் வாங்க வந்தவர், "அப்படியே இதையும் பாருங்க" என்று நீட்டினார். கடைசியில் அடித்தட்டிலிருந்து தூசியோடு ஒரு பெட்டி வந்தது. மேலே தங்க எழுத்தில் ஆயிரம் வாட்ஸ். மாட்டியதும் முள் விழுந்தடித்துக்கொண்டு இறங்கியது.

"ம்ம்ம்" என்றார் வீரமணி. "கனம் ஜாஸ்தி, வெல கம்மி. இதான்."

"அப்பா, இது பேரே கேள்விப்படாத கம்பெனிப்பா."

"ஆட்டுக்கு ஏதும்மா கம்பெனி?"

அந்தப் பெட்டியே வீட்டுக்கு வந்தது.

வீட்டில் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடியது, தாலி கட்டும் இடம் வரும்வரை. அந்த இடத்தில் மணமக்கள் மேல் கிராஃபிக்ஸில் பூமாரி பொழிய வேண்டும் என்பது பெண் வீட்டாரின் உத்தரவு. கெட்டிமேளம் ஒலிக்கும், பூ விழத் தொடங்கும், பொட்டென்று திரை அணைந்துவிடும். மறுபடி போட்டாலும் அதே இடம், அதே கதை.

"மேளச் சத்தம் தாங்கல போல. சத்தத்தக் கொறச்சிப் பாரு" என்றார் வீரமணி.

"சத்தத்துக்கும் இதுக்கும் இன்னாப்பா சம்பந்தம்? பூவு ஜாஸ்தி, பெட்டிக்கு இழுக்க முடியல."

"ஆயிரம் வாட்ஸ் தூக்காத பூவா?" என்று அவர் கேட்டு வாய் மூடுவதற்குள் பெட்டி டப்பென்று வெடித்துப் புகை வந்தது. தனுஷா அழுதுவிட்டாள். மறுநாள் வளைகாப்பு.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார்கள். இளவரசன் திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே உள்ளங்கையளவு ஒரு பலகை, நாலு ஒயர், அடியில் அப்பி வைத்த சிமென்ட் கட்டி. வீரமணி கையை ஓங்கினார்.

"நான் இன்னாங்க பண்றது? அந்தப் பொண்ணு வேற பெட்டிதான் கேட்டுச்சு. நீங்கதான தராசுல மாட்டி எடுத்தீங்க?" என்றார் இளவரசன். இப்படிப்பட்ட சரக்கை விற்றவரைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றுதான் எனக்கு இப்போதும் தோன்றுகிறது. ஆனால் வீரமணியின் கை தானாகவே இறங்கிவிட்டது. சந்தைக்கு முந்தின நாள் ஆடுகளுக்கு உப்புப் போட்ட தவிட்டை வைத்து, வயிறு முட்டத் தண்ணீர் காட்டி எடை ஏற்றுவதில் ஜில்லாவிலேயே அவரை மிஞ்ச ஆள் இல்லை.

"இரும்புக்குமா தண்ணி காட்டுவானுங்க" என்று முனகிக்கொண்டே வெளியே போய் நின்றார். தனுஷா முதலில் கேட்ட நோஞ்சான் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும்படி கெட்டிமேளம் ஒலித்தது. பூ விழுந்தது. தாலி ஏறியது. திரை அணையவில்லை. காலையில் ஸ்டுடியோக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஆவணி முகூர்த்தம் மொத்தத்தையும் அவளிடமே ஒப்படைத்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் தனுஷா அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அந்த நைனார்பாளையத்து மாப்ளய நீ எப்படிப்பா பாத்த?"

வீரமணி தலையைச் சொறிந்தார். "ஆளு நல்லா கனமா இருந்தாம்மா."

"உள்ள இன்னா இருக்குதுன்னு பாத்தியா?"

அவர் செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "இல்லீங்க, தள்ளிலாம் போடல, வாணாம்னுதான் சொல்றேன்" என்று அவர் நைனார்பாளையத்தோடு பேசுவது என் வீடு வரை கேட்டது. "எம் பொண்ணு பாத்துக்கும். எனக்குப் பாக்கத் தெரியலீங்க."