சூப்புக்கு ஒத்துவராத ஒயின்

அல்சீத் தெல்பெக் சூப்பைக் கடைசிச் சொட்டு வரை கரண்டியால் குடித்து நான் பார்த்ததில்லை. கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைப்பார். அதில் சிவப்பு ஒயினைத் தாராளமாக ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றி, இரண்டு கையாலும் தூக்கி மடமடவென்று குடித்துவிட்டு மீசையைத் துடைப்பார். எங்கள் லோத் ஆற்றங்கரையில் இதற்கு ஷப்ரோல் என்று பெயர். இந்தப் பக்கத்துக் காவோர் ஒயின் மை மாதிரிக் கறுப்பு. வெறும் வாயில் குடித்தால் துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடிக்கும். சூப்பின் சூட்டிலும் கொழுப்பிலும் அது அடங்கி, பிளம்பழ வாசனை மட்டும் மேலே வரும். எனக்கும் பிடிக்கும். பொம்பளை இப்படிக் குடிக்கலாமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

நான் நொயெமி, அடுத்த வீட்டுக்காரி. ஐம்பத்தாறாம் வருஷப் பனியில் எங்கள் பக்கத்துத் திராட்சைக் கொடிகள் கருகியபோது பலர் நிலத்தை விட்டு துலூஸுக்கு வேலை தேடிப் போனார்கள். அல்சீத் போகவில்லை. அந்தக் கல்லு மேட்டில் மறுபடி கொடி நட்டார். மனைவி செத்த பிறகு மகன் ரெஜிஸை ஒற்றை ஆளாக வளர்த்து, ஒயின் படிப்புக்கு போர்தோவுக்கு அனுப்பினார்.

படித்து வந்த பிள்ளை கெட்டிக்காரன்தான், ஒயினையும் நன்றாகவே செய்தான். ஆனால் எதற்கு எந்தச் சாப்பாடு என்பதில் பாதிரியாரையே மிஞ்சிவிட்டான். கொழுப்பிலேயே வேகவைத்த வாத்துக்கறிக்கு இது, காட்டுக் காளானுக்கு அது, ஆட்டுப்பால் சீஸோடு நல்ல பழைய ஒயினை வைத்தால் பாவம். அப்பா வாயைப் பிளந்து கேட்பார்.

"எம்புள்ள நாக்கு தங்கம், நொயெமி" என்று என்னிடம் வந்து பீற்றிக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரிஸிலிருந்து உணவகக்காரர்கள் வந்தார்கள். பரிமாற நான் போயிருந்தேன். ரெஜிஸ் தன் முதல் அறுவடை ஒயினைத் திறந்து, வாத்துக்கறி வரட்டும் என்று மேசை நடுவில் வைத்திருந்தான். சூப் முடிகிற நேரம். அல்சீத் பழக்கதோஷத்தில் அந்தப் பாட்டிலை எடுத்தார், கிண்ணத்தில் ஊற்றினார், தூக்கிக் குடித்தார். ஒரு பாரிஸ்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா! அதைப் போய்க் கழுநீராக்கிட்டீங்களே!" என்றான் ரெஜிஸ்.

அவர் மீசையைக்கூடத் துடைக்கவில்லை. முகம் செத்துப்போயிற்று. கறித்தட்டைக் கொண்டுவந்து ரெஜிஸ் முன்னால் டொக்கென்று வைத்தேன்.

அதற்குப் பிறகு மகன் முன்னால் அவர் சூப்பைக் கரண்டியால் வழித்துக் குடித்தார். ஷப்ரோல் வேண்டுமென்றால் என் அடுப்படிக்கு வந்தார்.

"என்னண்ணே, வீட்ல அவ்வளவு ஒயின வச்சுக்கிட்டு என் கேன் ஒயினத் தேடி வர்றீங்க?"

"உன்னுது கழுநீராவே பொறந்தது. இனிமே கெட்டுப்போக என்ன இருக்கு?"

"திமிரப் பாரு! நாளைக்குச் சூப்புக் கிடையாது."

மறுநாளும் வந்தார்.

ரெஜிஸும் உள்ளுக்குள் வெந்துகொண்டுதான் இருந்தான். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம் அத்தே" என்று ஒருநாள் என்னிடம் வந்து அழுதான். "எங்கிட்ட ஏன்டா சொல்ற? அவர்கிட்டச் சொல்லு" என்றேன். சொல்லவில்லை. நாளை, நாளை என்று தள்ளிப்போட்டான். எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளுக்கு மன்னிப்பு மட்டும் வாயில் வராது.

பிறகு அல்சீத்துக்குத் தொண்டையில் கட்டி வந்தது. சூப்பைத் தவிர எதுவும் இறங்கவில்லை. ரெஜிஸ் அந்த முதல் அறுவடையில் ஒரு பாட்டிலை எடுத்துவந்து கட்டிலருகே திறந்தான். நான் கிண்ணத்தைப் பிடித்திருந்தேன்.

"அப்பா, ஷப்ரோல் குடிங்க. நானே ஊத்துறேன். அன்னைக்கு நான் பேசினது தப்புப்பா."

கிழவர் சிரித்தார். கோபமே இல்லை. கொஞ்சமாவது இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கிண்ணத்தின் வாயைக் கையால் மூடினார்.

"தப்பில்லப்பா, நீ சொன்னது சரிதான். இவ்வளவு நல்ல ஒயின சூப்புல ஊத்தி வீணாக்கக் கூடாது. தொண்ட சரியாகட்டும். நொயெமி வாத்து சமைப்பா, அப்பக் குடிக்கிறேன்."

ரெஜிஸ் கெஞ்சினான். அவர் கையை எடுக்கவில்லை. மகன் சொன்னதை அந்த மனுஷன் அப்படியே நம்பிவிட்டார். அவனை அறையலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே நான் வாத்தை வாங்கி உப்பில் ஊறப் போட்டேன். அது வெந்து முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வந்தவர்களுக்கு அந்தக் கறியைத்தான் வைத்தேன். ரெஜிஸ் எல்லோருக்கும் தன் ஒயினை ஊற்றினான். எவ்வளவு பொருத்தம் என்று யாரோ பாராட்டினார்கள். அவன் பாட்டிலை வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.